வீடு பெருக்கியிருக்கிறதா?

(திருவருகைக்கால முதல் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை ஊருக்கு வருகிறான் என்றால், நம் தெருக்களில் அந்தச் செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வீடே சொல்லிவிடும். ஒரு வாரத்துக்கு முன்பே பரணில் கிடந்த மெத்தை வெயிலுக்கு வந்துவிடும். அப்பா கடன் வாங்கியாவது முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். அம்மா முறுக்குக்கு அரிசியை ஊறப்போட்டுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் விமான டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. வாசலைப் பார்த்தே, "பையன் வரான் போலிருக்கே" என்பார். அதே வீட்டில், "மகன் வருகிறான், மகன் வருகிறான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, முற்றத்தில் குப்பையும் திண்ணையில் ஒட்டடையுமாகக் கிடந்தால் அவர் என்ன நினைப்பார்? "இவர்களே நம்பவில்லை, நாம் எப்படி நம்புவது?" என்றுதான் நினைப்பார்.

அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் வருகிறார் என்று ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் அறிக்கையிடுகிறோம். இந்த ஞாயிறு முதல் நான்கு வாரங்கள் அதைத்தான் பாடப்போகிறோம். நம்மைச் சுற்றி வாழ்கிறவர்கள், நம் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாத அண்டை வீட்டார், நம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய ஞான உபதேச வகுப்பில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களை வரிசையாக ஒப்புவித்தோம். இன்று அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறோம். 'எதிர்நோக்கு' என்பது முதலில் கொஞ்சம் புதிய சொல்லாக நம் நாவில் இடறியது உண்மை. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் அழகான சொல். எதிரே வருகிறவரை நோக்கி நிற்பதே எதிர்நோக்கு. வருகிறவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறவருடைய நடை, பேச்சு, முகம் எல்லாமே மாறிவிடும்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோமே, அது நல்ல ஆறுதல்தான். ஆனால் அது கிறிஸ்தவ எதிர்நோக்கு ஆகாது. எல்லாம் சரியாகாமலும் போகலாம். நோய் தீராமல் போகலாம். மழை பொய்த்துப்போகலாம். வழக்கு தோற்றுப்போகலாம். சிலுவையில் இறந்தவரைக் கடவுள் உயிரோடு எழுப்பினார் என்ற ஒரே காரணத்துக்காக, சாவுக்கும் அநீதிக்கும் கடைசிச் சொல் கிடையாது என்று நாம் துணிந்து நிற்கிறோம். இதுதான் நம் எதிர்நோக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த 2025-ஆம் யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற பெயரை நாம் சுமந்து நடந்தோம். அந்த ஆண்டு 2026 ஜனவரி 6 அன்று நிறைவுபெற்றது. பெயருக்கேற்ப நடந்தோமா என்று கேட்டுக்கொள்ள இது தகுந்த நேரம்.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்துகிறார். கடைசி நாள்களில் ஆண்டவரின் மலை எல்லா மலைகளுக்கும் மேலாக உயர்ந்து நிற்கும். மக்களினங்கள் அனைத்தும் அதை நோக்கித் திரண்டு வரும். வாள்களை உருக்கி ஏர்முனைகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடித்துக்கொள்வார்கள் என்கிறார். இந்தக் காட்சியில் மலைக்கு வருகிறவர்கள் யார்? இஸ்ரயேல் மக்கள் அல்ல. வெளியார், வேற்றினத்தார், நேற்றுவரை அந்த ஆண்டவரை அறியாதவர்கள். யாரும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. அவர்களே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்த வாசகம் அங்கே முடியவில்லை. கடைசி வரியில், ஐந்தாம் வசனத்தில், எசாயா சட்டென்று திரும்பித் தம் சொந்த மக்களைப் பார்க்கிறார். யாக்கோபின் குடும்பத்தாரே, நாமும் ஆண்டவருடைய ஒளியில் நடப்போம், வாருங்கள் என்று அழைக்கிறார். வேற்றினத்தார் வருவார்களா என்பது கடவுளின் வேலை. அதை அவர் வாக்களித்துவிட்டார். ஏற்கெனவே உள்ளே இருக்கிற நாம் அந்த ஒளியில் நடக்கிறோமா என்பதுதான் இறைவாக்கினருடைய கவலை.

திருத்தூதர் பேதுருவும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். தம் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில், நீங்கள் எதிர்நோக்கி இருப்பது குறித்து யாராவது விளக்கம் கேட்டால் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள். அதைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யுங்கள் என்று எழுதுகிறார். இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 'பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள்' என்ற பகுதி நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் ஒருவர் வந்து கேட்க வேண்டுமே! நம்மிடம் எதிர்நோக்கு இருப்பது அவர் கண்ணில் பட்டால்தானே கேட்பார்? யாருமே நம்மிடம் வந்து கேட்கவில்லை என்றால், குறை கேட்காதவரிடம் மட்டும்தானா?

நம்மிடம் ஒருவர் கேட்டார். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாலையில் பவனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். பாடகர் குழு பாடியது. கல்லறைகளை மந்திரித்து முடிந்ததும் பெரும்பாலான மக்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு நாமும் உபதேசியாரும் இரண்டு பீடப்பணிச் சிறுவரும் தீர்த்தச் சொம்போடு பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனோம். ஏனென்றால் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு சாரார், அந்தப் பக்கம் ஒரு சாரார். ஏன் என்று நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்கள், ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள், மண்ணுக்குள் போனபோது சாதி அவர்களைப் பிரித்து வைத்திருந்தது.

அந்தப் பக்கம் பாடகர் குழு இல்லை. இருட்டிவிட்டது. ஒரு கல்லறையருகே, கணவரை இழந்த ஒரு தாயோடு, கறுப்புச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கடவுள் மறுப்பாளர் என்று ஊரறிந்தவர். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் அவரோடு பணியாற்றிய நண்பர். கோயில் படியில் கால் வைக்காத அந்தப் பெரியவர் நண்பருக்காக ஆண்டுதோறும் கல்லறைக்கு வருவாராம். நாம் மந்திரித்து முடிக்கும்வரை கைகட்டி அமைதியாக நின்றவர், அருகில் வந்து கேட்டார்:

"ஃபாதர், ஒண்ணு கேக்கலாமா? செத்தவங்க எல்லாரும் ஒருநாள் எழுந்து வருவாங்கன்னு சொல்றீங்க. அன்னைக்கும் இந்தச் சுவர் இருக்குமா?"

நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "இது பழைய காலத்துச் சுவருங்க. நாங்க கட்டினதில்லை" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "யாரு கட்டினதுன்னு நான் கேக்கலையே, ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் இறையியல் படித்த ஆண்டுகளில், உடலின் உயிர்ப்பு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறோம். கடவுள் இல்லை என்போருக்குச் சொல்ல ஐந்து வழிச் சான்றுகளையும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெரியவர் கடவுள் உண்டா என்று கேட்கவில்லை. நாம் சொல்லும் எதிர்காலத்தை நாமே நம்புகிறோமா என்று கேட்டார். வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே, அவர் கண்ணுக்கு நம் வீடு பெருக்காமல் கிடந்தது.

2025 டிசம்பர் 7-ஆம் நாளோடு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டை வெளியிட்டு அறுபது ஆண்டுகள் நிறைவுற்றன. 1965-இல் வெளிவந்த அந்த ஏடு மகிழ்ச்சியையும் எதிர்நோக்கையும் முதல் சொற்களாகக் கொண்டு தொடங்குகிறது. கடவுள் மறுப்பைப் பற்றிப் பேசும் 19-ஆம் பத்தியில், அது யாரும் எதிர்பாராத ஒரு தன்னாய்வைச் செய்கிறது. கடவுள் மறுப்பு தோன்றுவதில் நம்பிக்கை கொண்டோருக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு. போதனையில் அக்கறையின்மையாலும், சமய வாழ்விலும் ஒழுக்கத்திலும் சமூக வாழ்விலும் உள்ள குறைகளாலும், அவர்கள் கடவுளின் உண்மை முகத்தைக் காட்டுவதற்குப் பதிலாக மறைத்துவிடுகிறார்கள் என்கிறது. உலகெங்குமிருந்து கூடிய ஆயர்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட சொற்கள் இவை. அதே ஏடு 21-ஆம் பத்தியில் இன்னொன்றும் சொல்கிறது: மறுவாழ்வை எதிர்நோக்குவது இவ்வுலகக் கடமைகளின் முக்கியத்துவத்தைக் குறைப்பதில்லை, அவற்றை நிறைவேற்றப் புதிய தூண்டுதல்களைத் தருகிறது. நாளை வரப்போகும் விண்ணகத்தைக் காட்டி இன்றைய சுவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கு இங்கே இடமில்லை. நாளை சுவர் இல்லை என்பதாலேயே இன்று அதில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுத் திருச்சபைக்கு இது புதிய செய்தியும் அல்ல. 2003 நவம்பர் 17 அன்று, உரோமைக்குச் சென்றிருந்த நம் தமிழக ஆயர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல் இதை வெளிப்படையாகவே பேசினார். கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்றும், நற்செய்தி அறிவிக்கும் பணிக்கே பெரும் தடை என்றும் எச்சரித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்துதல் குறித்துத் தனிக் கொள்கை ஏடே வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை. அந்தப் பெரியவருக்கு அந்த ஏடுகளைப் படிக்கக் கொடுத்திருந்தால் போதுமா? அவர் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்!

அவருடைய கேள்வியை அப்படியே பங்குப் பேரவைக்கு எடுத்துச் சென்றோம். சொன்னவர் யார் என்பதையும் மறைக்கவில்லை. "சாமி கும்பிடாத ஆளு நமக்குப் புத்தி சொல்றதா?" என்று சிலர் கொதித்தார்கள். "தாத்தா காலத்து வழக்கம்" என்றார்கள் சிலர். மாதங்கள் ஓடின. இரண்டு குடும்பத்தார் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். நமக்கும் சோர்வு தட்டியது. இதைத் தொட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றிய நாள்கள் உண்டு.

ஒருநாள் அன்பியக் கூட்டத்தில், எண்பது வயதைத் தொட்ட ஒரு பாட்டி, எழுந்து நிற்கவும் முடியாமல் உட்கார்ந்தபடியே பேசினார். அவருடைய கணவரின் கல்லறை இந்தப் பக்கம், சுவரை ஒட்டி இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு காலடியில வழி விடுங்க சாமி. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அதற்குப் பிறகு அங்கே யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த இடத்தில், இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்குச் சுவரில் வழி திறந்தோம். அடுத்த நவம்பர் 2 அன்று ஒரே பவனி, ஒரே பாடல், இந்தப் பக்கத்திலிருந்து அந்த வழியாக அந்தப் பக்கம் போனோம். பாட்டியை நாற்காலியில் தூக்கி வந்து, கணவரின் கல்லறையருகே உட்காரவைத்திருந்தார்கள். பவனியில் போனவர்கள் ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

கறுப்புச் சட்டைப் பெரியவரும் வந்திருந்தார். பார்த்தார். அருகில் வந்து, "வழி வந்துடுச்சு. மிச்சச் சுவரு நிக்குதே, ஃபாதர்" என்றார். இந்த முறை சிரித்தார். நாமும் சிரித்தோம். "நீங்க அடுத்த வருஷமும் வந்து கேளுங்க" என்றோம். நாம் மாற்றலாகி வரும்வரை மிச்சச் சுவர் விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவரும் இன்றுவரை கடவுளை நம்பத் தொடங்கிவிடவில்லை. ஆனால் மாதம் ஒருமுறையாவது பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசுவார். ஒருநாள், "அந்தக் கிழவிக்கு எங்கேருந்து வந்துச்சு அந்தத் தைரியம்?" என்று கேட்டார். பேதுரு சொன்ன கேள்வி அன்றுதான் வந்தது! அன்று பதில் சொல்ல நாம் கூச்சப்படவில்லை. உயிர்த்த ஆண்டவரைப் பற்றி அவரிடம் பேசினோம். அவர் மறுத்துப் பேசினார். தேநீர் குடித்தோம். மறுபடியும் பேசினோம்.

அன்பார்ந்தவர்களே, 2007 நவம்பர் 30-ஆம் நாள் எதிர்நோக்கு பற்றித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய சுற்றுமடலில் ஒரு வியட்நாம் ஆயரை நினைவுகூர்கிறார். அவர் பெயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1975 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று கைதானார். பதின்மூன்று ஆண்டுகள் சிறை. அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று நோய்க்கு மருந்து என்று சொல்லி வரவழைத்த திராட்சை இரசத்தில் மூன்று துளியும் தண்ணீர் ஒரு துளியும் உள்ளங்கையில் விட்டுத் திருப்பலி நிறைவேற்றினார்.

அவரைக் காவல் காத்தவர்கள் கடவுளை மறுக்கக் கற்பிக்கப்பட்டவர்கள். முதலில் அவரோடு பேசவே மறுத்தார்கள். அவர் பகைமை காட்டவில்லை. தாம் கண்ட நாடுகளைப் பற்றிப் பேசினார், மொழிகளைக் கற்றுக்கொடுத்தார். எங்களை நேசிக்கிறீர்களா என்று ஒரு காவலர் கேட்டபோது, ஆம் என்றார். தம்மை அடைத்துவைத்தவர்களை அன்பு செய்ய அவருக்கு எங்கிருந்து வலிமை வந்தது என்ற கேள்வி அவர்களுக்குள் எழுந்தது. மரத்துண்டு ஒன்றில் சிலுவை செய்துகொள்ளவும், மின்கம்பியால் அதற்குச் சங்கிலி செய்துகொள்ளவும் அவருக்கு உதவியவர்களும் அந்தக் காவலர்களே. விடுதலைக்குப் பின் அவர் அதையே தம் ஆயர் சிலுவையாக அணிந்திருந்தார். கோயிலும் பீடமும் மணியோசையும் இல்லாத ஓர் அறையில் அவருடைய எதிர்நோக்கு மற்றவர் கண்ணில் பட்டது.

அப்படியானால் இந்தத் திருவருகைக்காலத்தில் நாம் என்ன செய்யலாம்?

முதலில், நம்பாதவர் பேசும்போது முழுவதும் கேட்போம். எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த இரு சீடர்களோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்து நடந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும், என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் தங்கள் ஏமாற்றத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் மறைநூலைத் திறந்தார். நம் வீட்டுப் பிள்ளையே, "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்று சொல்லும் காலம் இது. பூசைக்கு வராத மகனைத் திட்டித் தீர்ப்பதற்கு முன், அவனுக்கு என்ன நேர்ந்தது என்று எத்தனை பெற்றோர் கேட்டிருக்கிறோம்? குழந்தையைப் பறிகொடுத்த பின் கோயிலுக்கு வராமல் நின்றுவிட்ட தாயிடம், 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அடுத்து, அவர் சொல்வதில் உண்மை இருந்தால் ஒத்துக்கொள்வோம். பேதுரு கேட்ட பணிவு இதுதான். "நாங்க கட்டினதில்லை" என்ற பதில் யாரையும் கடவுளருகே கொண்டுவராது. நம் குறையைச் சுட்டுகிறவரை எதிரியாக எண்ண வேண்டாம். நமது எதிர்நோக்கை நமக்கே நினைவூட்ட ஆண்டவர் அவரையும் அனுப்பியிருக்கலாம்.

மூன்றாவதாக, வரப்போகிற அந்த நாளுக்குரிய செயல் ஒன்றையாவது இன்றே செய்வோம். திருவெளிப்பாடு நூல் வருணிக்கும் புதிய எருசலேமுக்கும் மதில் உண்டு. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வாயில்கள், நாலு திசையிலும். அவற்றில் ஒன்றுகூட ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை என்கிறார் யோவான். நம் வீட்டில், தெருவில், பங்கில், அடைத்துவைத்திருக்கிற வாயில் எது? ஆண்டுக் கணக்கில் பேசாமலிருக்கும் உடன்பிறப்பா? தனித் தம்ளரா? பெண் எடுக்க மாட்டோம், கொடுக்க மாட்டோம் என்ற பிடிவாதமா? ஒரே கோயிலுக்குள் தனித்தனியாக நடக்கும் திருவிழா மண்டகப்படியா? எல்லாவற்றையும் இந்த நான்கு வாரத்தில் திறந்துவிட முடியாது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு ஒன்றையாவது திறக்கலாம்.

இன்னும் சில நாள்களில் வீட்டு முகப்பில் நட்சத்திரம் தொங்கவிடுவோம். குடில் கட்டுவோம். சுண்ணாம்பு அடிப்போம். அப்போது நம்மைக் கடந்துபோகும் அந்த அண்டை வீட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நட்சத்திரத்தை மட்டுமா பார்ப்பார்? நம் வீட்டுக்கு யார் வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதையும் பார்ப்பார். நம் வீட்டைப் பார்த்து, "உண்மையிலேயே யாரோ வரப்போகிறார் போலிருக்கே" என்று அவர் சொன்னால், அதுவே இந்த ஆண்டு நாம் அறிவித்த நற்செய்தி.

மன்றாடுவோம். வருகின்ற ஆண்டவரே, உம்மை எதிர்நோக்கும் எங்கள் வீட்டை நீரே பெருக்கியருளும். எங்களை நோக்கிக் கேள்வி கேட்பவர்களை ஆசீர்வதியும். எங்களால் உமது முகம் மறைக்கப்பட்டவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கும் துணிவைத் தாரும். சுவர்களை ஒட்டித் துயிலும் எங்கள் இறந்தோரை நீர் எழுப்பும் நாளில், அவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு மகிழும்படி, இன்றே எங்களை ஒன்றாக நடக்கச் செய்தருளும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.